ஐடா வெல்ஸ் அம்மையார்

மக்கள் அனைவரும் ஓரினத்தவரே என்பது அறிஞர் கண்ட உண்மை. எனினும், தோலின் நிறம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரித்த கொடுமை உலகின் பல பகுதிகளில் நிலவியதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களில் அக்கொடுமை மிகக் கடுமையாக இருந்தது. அங்கே கறுப்பின மக்கள்மீது ஏதேனும் ஒரு பழியைச் சுமத்தி, விசாரணையும் தீர்ப்புமின்றிக் கும்பலாகக் கூடிக் கொல்லும் வழக்கம் பல்லாண்டுக் காலம் நடைபெற்றது. அவ்வழக்கத்தை எதிர்த்து, எழுதுகோலையே படைக்கலமாக ஏந்தி வாழ்நாள் முழுவதும் போராடிய பெண்மணியே ஐடா வெல்ஸ் அம்மையார்.

ஐடா, மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1862ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் பிறந்தார். அவர்தம் பெற்றோர் அடிமைகள். அடிமைத் தாயின் மகவும் அடிமையே என்பது அந்நாளைய சட்டம். ஆதலின் அவர் பிறருடைய உடைமையாகவே இவ்வுலகில் தோன்றினார். 1865ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அடிமை முறையும் ஒழிந்தது. தந்தை ஜேம்ஸ் தச்சுத் தொழிலில் வல்லவர். தாயார் எலிசபெத் ஒழுக்கத்தைப் பெரிதெனப் போற்றியவர். தம் மக்கள் கல்வி பெறவேண்டும் என்பதே அவ்விருவருடைய பேரவா. தாயார் தாமும் பிள்ளைகளோடு பள்ளிக்குச் சென்று எழுத்துக் கற்றார் என்றால், அக்குடும்பத்தின் கல்வி வேட்கையை என்னென்பது!

1878ஆம் ஆண்டு மஞ்சட்காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் அவ்வூரைத் தாக்கியது. பெற்றோர் இருவரும் கைக்குழந்தையாகிய தம்பியும் அந்நோய்க்கு இரையாயினர். அப்போது பாட்டியின் இல்லத்தில் இருந்த ஐடாவுக்கு வயது 16. நோய் பரவிய ஊருக்குப் போகவேண்டா எனப் பலர் தடுத்தும் கேளாது, சரக்குவண்டியில் ஏறி வீடு திரும்பினார். எஞ்சிய தம்பி தங்கையர் ஐவரையும் ஆளுக்கொரு வீட்டில் பிரித்து வளர்க்கலாம் எனக் குடும்ப நண்பர்கள் கூடி முடிவு செய்தனர். நடக்கவியலாத தங்கையை ஏழையர் விடுதிக்கு அனுப்பவும் எண்ணினர். ஐடா அதற்கு உடன்படவில்லை. ஐவரையும் தாமே காப்பதாக உறுதி கூறினார். தலைமயிரை முடிந்து, பாவாடையை நீட்டி, வயது முதிர்ந்தவர்போலத் தோன்றி ஆசிரியர் பணியில் அமர்ந்தார். ஆறு மைல் தொலைவிலுள்ள பள்ளிக்குக் கோவேறு கழுதைமீது சென்று திரும்பி, கிடைத்த சிறு ஊதியத்தைக் கொண்டு குடும்பத்தைக் காத்தார்.

சில ஆண்டுகளுக்குப்பின் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரை ஐடா தமக்கு உறைவிடமாக்கிக் கொண்டார். அங்கிருந்து புகைவண்டியில் செல்கையில், ஒருநாள் மகளிர் பெட்டியில் முறையாகச் சீட்டுப் பெற்று அமர்ந்திருந்தார். வண்டிக் காவலர் அவரைக் கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கிய பெட்டிக்குப் போகுமாறு பணித்தார். ஐடா மறுத்தார். மூன்று ஆடவர் சேர்ந்து அவரை இருக்கையிலிருந்து இழுத்தனர். மேலாடையின் கை கிழிந்தது. உடன் இருந்தோர் சிலர் கைகொட்டி மகிழ்ந்தனர். தாழ்ந்த பெட்டியில் ஏறுவதினும் வண்டியை விட்டு இறங்குவதே தக்கது எனத் துணிந்து ஐடா இறங்கிவிட்டார். 1893ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளுக்கு நேர்ந்த இழிவை நாம் அறிவோம். அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முன்னரே அமெரிக்காவில் நிகழ்ந்த நிகழ்ச்சி இது. ஐடா புகைவண்டி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1884ஆம் ஆண்டு கீழ்மன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, 500 டாலர் இழப்பீடு வழங்கியது. ஆனால் 1887ஆம் ஆண்டு மாநில உயர்மன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. சட்டம் தம் இனத்தாரைக் காக்கும் என நம்பியிருந்த ஐடாவின் உள்ளம் புண்பட்டது. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1889ஆம் ஆண்டு, தடையற்ற பேச்சு எனப் பொருள்படும் ஃபிரீ ஸ்பீச் என்னும் செய்தித்தாளின் பங்காளராகவும் ஆசிரியராகவும் ஆனார்.

மெம்பிஸ் நகரில் தாமஸ் மாஸ் என்னும் தபால்காரர் வாழ்ந்தார். அவர் ஐடாவின் உற்ற நண்பர். அவருடைய மகளுக்கு ஐடா ஞானத்தாய். மாஸ், கறுப்பின நண்பர் சிலருடன் கூட்டாக மக்கள் மளிகைக்கடை ஒன்றை நிறுவினார். பகலில் தபால் கொடுப்பார். இரவில் கடைக்கணக்குப் பார்ப்பார். நேர்மையான வாணிகத்தால் கடை செழித்தது. அதுவரை அப்பகுதியில் போட்டியின்றி விற்றுவந்த வெள்ளை வணிகர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கோலிக்குண்டு ஆடிய சிறுவர்களிடையே எழுந்த சச்சரவு பெரியோர்களின் பூசலாக மூண்டது. ஓரிரவு ஆயுதம் தாங்கிய வெள்ளையர் சிலர் கடையின் பின்புறமாகப் புகுந்தனர். தம்மைத் தாக்க வந்த கும்பல் எனக் கருதிக் கடையில் இருந்தோர் சுட்டனர். வந்தோருள் மூவர் காயமுற்றனர். வந்தவர்கள் அரசின் காவலர்கள் என்று பிறகு கூறப்பட்டது. மாஸும், அவர்தம் நண்பர்களாகிய கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் என்போரும், வேறு பலரும் சிறையிலடைக்கப்பட்டனர்.

காயமுற்றோர் இறப்பின் சிறையிலுள்ளோர்க்குத் தீங்கு நேரும் என அஞ்சிய கறுப்பினத்தார் சில இரவுகள் சிறைக்கு வெளியே காவல் நின்றனர். மூவரும் பிழைப்பர் என்ற செய்தி வந்தது, காவலும் நீங்கியது. மார்ச்சு 9ஆம் நாள் விடியுமுன் முகமூடி அணிந்த கும்பல் ஒன்று சிறைக்குள் நுழைந்தது. மாஸையும் அவர் நண்பர் இருவரையும் ஊருக்கு வெளியே இருப்புப்பாதை அருகே இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. இந்நகரில் நம் மக்களுக்கு நீதி இல்லை; மேற்குத் திசைக்குப் போய்விடுமாறு அவர்களிடம் கூறுங்கள் என்பதே மாஸின் கடைசி வேண்டுகோள் எனச் செய்தித்தாள்கள் எழுதின. கடையும் சூறையாடப்பட்டது. கொலையாளிகளுள் ஒருவரும் தண்டனை பெற்றிலர்.

அந்நேரத்தில் ஐடா வெளியூரில் இருந்தார். திரும்பி வருவதற்குள் நண்பரின் அடக்கம் முடிந்துவிட்டது. அத்துயரின் நடுவே அவர் தம் உள்ளத்தையே ஆராய்ந்து பார்த்தார். கும்பல்கள் கொல்வது முறையன்று என்றாலும், கொல்லப்படுவோர் பெருங்குற்றம் செய்தவர்களாகத்தாம் இருக்கவேண்டும் எனப் பலரும் நம்பினர்; ஐடாவும் ஒருவாறு நம்பியிருந்தார். ஆனால், மாஸ் செய்த குற்றந்தான் என்ன? நேர்மையாக உழைத்து முன்னேறியதன்றி அவர் வேறொரு பிழையும் செய்திலர். அவ்வாறாயின் மற்றவர்கள்மீது கூறப்பட்ட குற்றங்களும் உண்மைதாமா? இவ்வினா ஐடாவின் வாழ்வையே மாற்றிவிட்டது.

நீதி வழங்காத நகரை விட்டு வெளியேறுங்கள் எனத் தம் இதழில் அவர் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மெம்பிஸை விட்டு நீங்கினர். எஞ்சியோர் டிராம் வண்டிகளில் ஏறுவதைத் தவிர்த்தனர். வருவாய் குறையவே, டிராம் நிறுவனத்தார் ஐடாவைத் தேடி வந்தனர். புதிய மின்சார வண்டிகளைக் கண்டு கறுப்பின மக்கள் அஞ்சுகின்றனர் போலும் என அவர்கள் எண்ணியிருந்தனர்! கொலை நடந்த நாளையும் வருவாய் குறைந்த நாளையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு ஐடா கூறினார். அக்கொலைக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றனர் அவர்கள். நிறுவனத்தை நடத்துவோர் இந்நகரத்துப் பெருமக்களே. கொலையைக் கண்டிக்காத பெருமக்களுக்கும் அதில் பொறுப்புண்டு என்று அவர் எடுத்துரைத்தார்.

ஐடா அத்துடன் நிற்கவில்லை. கும்பற்கொலைகள் நடந்த ஊர்கள் சிலவற்றுக்கு நேரிற் சென்றார், கண்டவர்களை வினவினார், வெள்ளையர் நடத்திய செய்தித்தாள்களிலிருந்தே விவரங்களைத் திரட்டினார். தம் இனத்தார் எழுதியவற்றைக் காட்டினால் நடுநிலையற்றவை எனத் தள்ளிவிடுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். பெண்களின் மானத்தைக் காக்கவே இக்கொலைகள் நிகழ்கின்றன என்பது தென்னாட்டார் வாதம். கொல்லப்பட்டோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்மீதே அத்தகைய குற்றம் சாட்டவாவது பட்டது என்பதை ஐடா எடுத்துக்காட்டினார். அக்குற்றச்சாட்டுகளிலும் பல பொய்யானவை என எழுதினார். அதனைப் படித்தோர் சினங்கொண்டனர். 1892ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அவருடைய அலுவலகம் தகர்க்கப்பட்டது. திரும்பி வந்தால் உயிர் தப்பாது என்னும் எச்சரிக்கையும் வந்தது. நல்வாய்ப்பாக அப்போது அவர் வடநாட்டில் இருந்தார்.

அச்சகம் அழிந்தது, ஆனால் எழுதுகோல் ஓயவில்லை. நியூயார்க்கு நகரிலிருந்து அவர் தொடர்ந்து எழுதினார். அவ்வாண்டிலேயே தம் ஆராய்ச்சியை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1895ஆம் ஆண்டு, கொலையுண்டோர் பெயர், ஊர், நாள், சாட்டப்பட்ட குற்றம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு மற்றொரு நூலை வெளியிட்டார். 1893, 1894ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து சென்று சொற்பொழிவாற்றினார். அமெரிக்கப் பருத்தியை வாங்கிய அந்நாட்டில் எழுந்த கண்டனம், மெம்பிஸ் வணிகரையும் சிந்திக்கச் செய்தது.

1895ஆம் ஆண்டு சிகாகோ நகரத்து வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்து, நான்கு மக்களுக்குத் தாயானார். இல்லறத்தின் நடுவிலும் பொதுப்பணி தொடர்ந்தது. 1909ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ நகரில் ஒருவர் கும்பலாற் கொல்லப்பட்டார். கைதியைக் காக்கத் தவறிய காவல்தலைவர் சட்டப்படி பதவி நீக்கப்பட்டார்; அவர் அப்பதவியைத் திரும்பப் பெற முயன்றார். அங்குச் சென்று உண்மையை ஆராய ஐடா முதலில் தயங்கினார். நீங்கள் போகாவிடில் வேறு யார் போவார் என்னும் பொருள்பட அவருடைய மூத்த மகன் வினவினான். சிறுவனின் சொல் தாயைத் தட்டியெழுப்பியது. அவர் சென்று சான்றுகளைத் திரட்டி, ஆளுநர் முன்னிலையில் வாதிட்டார். காவல்தலைவருக்குப் பதவி திரும்பக் கிட்டவில்லை. காவலில் உள்ளோரைக் காப்பது அரசின் கடமை என்பது நிலைநாட்டப்பெற்றது.

அவ்வாண்டிலேயே கறுப்பின மக்களின் உரிமைக்கெனத் தோன்றிய தேசிய சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். 1913ஆம் ஆண்டு வாஷிங்டனில் நடைபெற்ற பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில், கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரவேண்டும் எனக் கூறப்பட்டது. ஐடா அதற்கு இணங்காது, தம் மாநிலத்தாரோடு இணைந்தே நடந்தார். 1931ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், 68ஆம் வயதில் சிகாகோவில் இயற்கை எய்தினார்.

அவர் விழைந்த சட்டம் அவர் வாழ்நாளில் வரவில்லை. 1922ஆம் ஆண்டு கீழவையில் நிறைவேறிய மசோதா மேலவையில் தடைப்பட்டது. 1882 முதல் 1968 வரை கும்பலாற் கொல்லப்பட்டோர் 4743 பேர் என்றும், அவர்களுள் 3446 பேர் கறுப்பினத்தார் என்றும் டஸ்கீகி நிறுவனத்தின் கணக்குக் கூறுகிறது. 2022ஆம் ஆண்டிலேதான் கும்பற்கொலையைத் தனிக்குற்றமாக்கும் சட்டம் அந்நாடு முழுமைக்கும் வந்தது. அதற்கு ஈராண்டுகள் முன்னர், இதழியலுக்குரிய புலிட்சர் சிறப்புப் பாராட்டு அம்மையாருக்கு வழங்கப்பட்டது.

மெம்பிஸில் மூவரைக் கொன்றோர், அதனால் ஓர் இனத்தின் வாயை அடைத்துவிடலாம் என எண்ணினர். ஆனால் அக்கொலையே உலகமெங்கும் கேட்கும் குரல் ஒன்றை எழுப்பிவிட்டது. ஊரார் கூறும் பழியை ஆராயாது நம்புவதும் கொடுமைக்குத் துணைபோவதேயாகும் என்பதை ஐடா முதலில் தம்மளவில் உணர்ந்தார். பின்னரே பிறர்க்கு உணர்த்தினார். உண்மையைத் தேடிச் செல்லும் உழைப்பும், கண்டதை அஞ்சாது கூறும் துணிவும் ஒருவரிடம் சேர்ந்திருப்பின், அவர் தனியராயினும் வலியரே என்பதற்கு ஐடா வெல்ஸ் அம்மையாரின் வாழ்க்கை சான்றாக விளங்குகின்றது.