கண்ணைக் கொடுத்த கூரத்தாழ்வான்

காஞ்சிபுரத்தை அடுத்து கூரம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சிறிய ஊர்தான். ஆனால் மிகப் பழைய ஊர். 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் இங்கே ஒரு சிவன் கோவில் கட்டினான். அவன் கொடுத்த செப்பேடும் கிடைத்திருக்கிறது. மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கு ஒரு பங்கு, தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு என்று அதில் எழுதி வைத்திருக்கிறான்.

அந்த ஊரில் 1010-ம் ஆண்டில் பிறந்தார் திருமறுமார்பன். இது வைணவ மரபு கூறும் கணக்கு. அவரைத்தான் உலகம் கூரத்தாழ்வான் என்று அழைக்கிறது.

பெரிய பணக்காரர். காலை முதல் இரவு வரை அவர் வீட்டில் பந்தி நடக்கும். பசி என்று வந்தவர் யாரும் திரும்பிப் போனதில்லை. இரவில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் வாசல் கதவைச் சாத்துவார்கள். அந்தக் கதவின் சத்தம் காஞ்சி கோவில் வரை கேட்டதாம்!

தாயாரே அதைக் கேட்டு, என்ன ஓசை என்று விசாரித்ததாகக் கதை. இந்தச் செய்தி ஆழ்வானின் காதுக்கு வந்தது. வேறொருவராக இருந்தால் பெருமைப்பட்டிருப்பார். இவர் வெட்கப்பட்டார். தன் செல்வம் இவ்வளவு சத்தம் போடுகிறதே என்று நினைத்தார். சொத்தை எல்லாம் கொடுத்துவிட்டு, மனைவி ஆண்டாளுடன் ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டார். அங்கேதான் அவருடைய குரு ராமானுஜர் இருந்தார்.

நடு வழியில் ஒரு காடு. ஆண்டாளுக்குப் பயம். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று கணவர் விசாரித்தார். அவர் சாப்பிடுவதற்காக அந்த அம்மாள் ஒரே ஒரு பொன் வட்டிலை மறைத்து எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கிப் புதரில் வீசி எறிந்தார். நேற்று வரை ஊருக்கே சோறு போட்டவர், ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாகப் பிச்சை எடுத்துச் சாப்பிட்டார்.

இரவில் தூங்காத சீடர்

ராமானுஜர் ஒரு பழைய நூலைத் தேடிக் காஷ்மீரத்துக்குப் போனார். ஆழ்வானும் கூடப் போனார். நூல் கையில் கிடைத்தது. ஆனால் திரும்பும் வழியில் அந்த நாட்டு ஆட்கள் துரத்தி வந்து அதைப் பிடுங்கிக் கொண்டார்கள். ராமானுஜர் மனம் உடைந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆழ்வான் மெதுவாக ஒரு செய்தி சொன்னார். பகல் எல்லாம் குருவுக்குப் பணிவிடை செய்துவிட்டு, இரவில் அவர் தூங்கிய பிறகு விழித்திருந்து நூல் முழுவதையும் படித்து மனப்பாடம் செய்துவிட்டாராம்! யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இன்று நகரங்களில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக் கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்கள். அவர்களில் சிலர், வேலை முடிந்த பிறகும் மூச்சு சீராக வருகிறதா என்று இரவில் எழுந்து பார்ப்பார்கள். ஆழ்வான் அந்த ஜாதி.

ராமானுஜரின் கூட்டத்தில் இப்படி இன்னொருவரும் இருந்தார். அவர் முதலியாண்டான். ராமானுஜரின் குரு பெரிய நம்பி. அவருடைய மகள் அத்துழாய் புகுந்த வீட்டில் கஷ்டப்பட்டாள். தினமும் தண்ணீருக்கு வெகு தூரம் போக வேண்டும். துணைக்கு ஆள் வேண்டுமானால் பிறந்த வீட்டுச் சீதனமாகக் கொண்டு வா என்றாள் மாமியார். ராமானுஜர் அனுப்பியது யாரைத் தெரியுமா? பெரும் பண்டிதரான முதலியாண்டானை! அவர் தண்ணீர் சுமந்தார். சமையல் செய்தார். ஒரு நாள் அந்த வீட்டில் யாரோ தப்பாகப் பொருள் சொன்னதைத் திருத்தப் போய்த்தான் அவர் யார் என்பது தெரிந்தது. பதறிப்போய், திரும்பிப் போகும்படி கேட்டார்கள். குரு சொல்லாமல் போகமாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

அந்த அத்துழாயை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

காவி உடை

ஒரு சோழ மன்னன் வைணவர்களைத் துன்புறுத்தினான். அவன் எந்தச் சோழன் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சிவத்துக்கு மேல் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கட்டளை. கூரத்தாழ்வானும் ராமானுஜரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று மன்னனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நாலூரான். அவன் வேறு யாருமல்ல, ஆழ்வானின் சொந்தச் சீடன்!

சேவகர்கள் ஸ்ரீரங்கத்துக்கு வந்தார்கள். ஆழ்வான் ராமானுஜரின் காவியை உடுத்திக் கொண்டார். ராமானுஜர் வெள்ளை உடையில் தப்பி மேற்கே போனார். ஆழ்வானுடன் பெரிய நம்பியும் புறப்பட்டார். நம்பிக்கு வயது 105. தந்தைக்குத் துணையாக அத்துழாயும் போனாள்.

சபையில் ஓலையை நீட்டினார்கள். சிவம் என்பது தானியம் அளக்கும் ஓர் அளவுக்கும் பெயர். துரோணம் அதைவிடப் பெரிய அளவு. துரோணம் பெரியது என்று எழுதிக் கொடுத்தார் ஆழ்வான். அந்த நேரத்திலும் வேடிக்கை! மன்னனுக்குக் கோபம் பொங்கியது. இருவர் கண்களையும் பிடுங்க உத்தரவிட்டான். உன்னைப் பார்த்த கண் எனக்கு வேண்டாம் என்று ஆழ்வான் தாமே தோண்டி எறிந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

கண்ணிழந்த இருவரையும் அத்துழாய் கைபிடித்து நடத்தி வந்தாள். தஞ்சைக்கு அருகே பசுபதிகோவிலை நெருங்கும்போது நம்பியால் நடக்க முடியவில்லை. எப்படியாவது ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோக இருவரும் துடித்தார்கள். நம்பி சம்மதிக்கவில்லை. திருவரங்கத்தில் செத்தால்தான் மோட்சம் என்று நாளை ஜனங்கள் தவறாக நினைத்துவிடுவார்கள் என்றார். ஆழ்வானின் கண்ணில் ரத்தம் இன்னும் காயவில்லை. அந்த நிலையிலும் கிழவரின் தலையைத் தம் மடியில் தாங்கிக் கொண்டார். கால்கள் மகளின் மடியில். அப்படியே நம்பியின் உயிர் பிரிந்தது.

ஆழ்வான் ஸ்ரீரங்கம் திரும்பினார். ராமானுஜரைச் சேர்ந்தவர்களை உள்ளே விடக்கூடாது என்று கோவில் வாசலில் தடுத்தார்கள். இவர் நல்லவர், இவர் மட்டும் போகலாம் என்றான் ஒரு காவலன். குருவின் உறவை விட்டு எனக்குத் தரிசனம் வேண்டாம் என்று ஆழ்வான் திரும்பி நடந்தார். மதுரைக்கு அருகே திருமாலிருஞ்சோலையில் போய்த் தங்கினார்.

12 ஆண்டுகளுக்குப் பிறகு ராமானுஜர் திரும்பி வந்தார். தமக்காகக் கண் இழந்தவரைக் கட்டிக் கொண்டு அழுதார். காஞ்சி வரதனிடம் கண்ணைக் கேட்டு வாங்கும்படி வற்புறுத்தினார். ஆழ்வான் காஞ்சிக்குப் போனார், பாடினார். என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, தனக்குக் கிடைக்கும் கதி நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்றார். கண்ணைக் கேட்கவே இல்லை. ராமானுஜருக்கு வருத்தம் ஒரு புறம், சந்தோஷம் ஒரு புறம்.

பாம்பின் வாயில் அகப்பட்ட தவளையின் குரல் கேட்டே மயங்கி விழுந்தவர் அவர் என்று சொல்வார்கள். அந்த மனம் நாலூரானை மட்டும் எப்படி விலக்கும்?

ராமானுஜருக்கு முன்பே அவர் காலமானார். குரு வரும்போது எதிர்கொண்டு அழைக்க, தாம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும் என்று விடை கேட்டுப் போனாராம். கூரத்தில் ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் அவருக்குச் சன்னிதி உண்டு. தை மாதம் ஹஸ்த நட்சத்திரம் அவர் பிறந்த நாள்.