நூறு எந்திரங்களுக்கு ஒரே புரோகிராம்
கம்ப்யூட்டர் மேதை கேரி கில்டால் வாழ்க்கை

ஒரு தையற்காரரிடம் நூறு பேர் சட்டை தைக்கக் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி. அதற்காக அவர் நூறு முறை தையல் கற்றுக்கொள்வதில்லை. ஒவ்வொருவருடைய அளவையும் நோட்டில் குறித்து வைத்துக்கொள்கிறார். தையல் ஒன்றுதான், அளவுதான் வேறு.

சிறிய கம்ப்யூட்டர்களின் உலகத்தில் இந்த முறையை நிலைநாட்டியவர், அமெரிக்கர் கேரி கில்டால். அவருடைய உழைப்பின் பலனை உலகம் இன்றும் அனுபவிக்கிறது. ஆனால் அவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

மாலுமிப் பள்ளி

1942-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி, சியாட்டில் நகரில் கில்டால் பிறந்தார். அவருடைய குடும்பத்தினர் அங்கே மாலுமிகளுக்கான பள்ளி ஒன்றை நடத்தி வந்தார்கள். நடுக்கடலில் நட்சத்திரங்களைப் பார்த்து, கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு அறியும் கலை அங்கே கற்பிக்கப்பட்டது. கில்டாலும் இளவயதில் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். கணிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மனம் தாவியது. 1972-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே, 1969-ல், கலிபோர்னியாவில் மான்டெரே என்னும் ஊரிலுள்ள கடற்படை உயர்கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்துவிட்டார்.

நகத்தைவிடச் சிறிய சில்லு

1971-ம் ஆண்டு நவம்பரில் இன்டெல் கம்பெனி ஒரு சில்லை வெளியிட்டது. 4004 என்று அதற்குப் பெயர். விரல் நகத்தைவிடச் சிறியது. ஆனால் கம்ப்யூட்டரின் மூளை முழுவதும் அதில் அடங்கியிருந்தது. அடுத்த ஆண்டே 8008 என்ற இன்னும் வலிமையான சில்லு வந்தது.

மற்ற எந்திரங்களுக்குள்ளே ஒளிந்திருந்து அவற்றை ஆட்டிவைக்கும் வேலைக்கு இந்தச் சில்லுகள் ஏற்றவை. ஆனால் ஒரு தொல்லை. இவற்றுக்கு வேலை சொல்ல வேண்டுமானால், எந்திரத்துக்கு மட்டுமே புரியும் எண்களில் சொல்ல வேண்டும். மனிதனுக்குப் புரியும் மொழியில் எழுதி, அதை எண்களாக மாற்றும் புரோகிராம் உண்டு. அதைக் கம்பைலர் என்பார்கள். அவ்வளவு பெரிய புரோகிராமைத் தாங்க அந்தச் சின்னஞ்சிறு சில்லில் இடம் ஏது?

இதற்குக் கில்டால் வழி கண்டார். கம்பைலர் சில்லுக்குள் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது பெரிய கம்ப்யூட்டரில் ஓடட்டும். அங்கே பிறக்கும் எண்களைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொண்டுவந்து, சிறிய எந்திரத்துக்குள் ஏற்றலாம். சமையல் ஓரிடம், பந்தி ஓரிடம்!

இப்படிப்பட்ட கம்பைலருக்கு 'கிராஸ் கம்பைலர்' என்று பெயர். இன்டெல் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த கில்டால், பி.எல்/எம் என்ற மொழியை வகுத்து, அதற்குப் பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் கம்பைலரையும் எழுதிக் கொடுத்தார். சில்லை வைத்துத் தொழில் செய்த எஞ்சினீயர்கள் பல ஆண்டுகள் அந்த மொழியைப் பயன்படுத்தினார்கள்.

வீட்டில் தொடங்கிய கம்பெனி

காகித நாடாவைக் கட்டிக்கொண்டு அழுவது கில்டாலுக்கு அலுத்துவிட்டது. நாடாவுக்குப் பதிலாக வட்டத் தகட்டில் தகவலைப் பதியும் 'பிளாப்பி' கருவி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைச் சில்லுடன் இணைக்கும் மின்சுற்றை நண்பர் ஜான் டொரோடு செய்து கொடுத்தார். 1974-ம் ஆண்டு, அந்தக் கருவியை ஆளும் புரோகிராமைக் கில்டால் எழுதி முடித்தார். அதுதான் சி.பி/எம். இன்டெல் அதை வாங்க முன்வரவில்லை. கில்டாலும் அவர் மனைவி டோரதியும் டிஜிட்டல் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கி, பசிபிக் குரோவ் என்ற ஊரிலிருந்து தாங்களே அதை விற்றார்கள்.

அப்போதுதான் அடுத்த சோதனை வந்தது. சிறு கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகள் காளான்போல் முளைத்தன. ஒன்றின் விசைப்பலகை ஒரு விதம். இன்னொன்றின் தகட்டுக் கருவி வேறு விதம். ஒவ்வொன்றுக்காகவும் சி.பி/எம்மைப் பிரித்துத் திருத்த வேண்டியிருந்தது. ஓரிடத்தில் திருத்தினால் இன்னோரிடத்தில் பிழை முளைத்தது.

அளவு நோட்டு பிறந்தது

இம்சாய் என்ற கம்பெனியின் கம்ப்யூட்டருக்குச் சி.பி/எம்மைப் பொருத்தும் வேலையில் கிளென் ஈவிங் என்பவர் ஈடுபட்டிருந்தார். அவருடன் சேர்ந்து கில்டால் ஒரு முடிவுக்கு வந்தார். எந்திரத்துக்கு எந்திரம் மாறுவதையெல்லாம் பொறுக்கி எடுத்து, சிறிய பகுதி ஒன்றில் ஒதுக்கி வைத்தார். அதற்குப் 'பயாஸ்' என்று பெயரிட்டார். மாறாத பெரும் பகுதியை இனி யாரும் தொட வேண்டியதில்லை. புதிய கம்ப்யூட்டர் வந்தால், பயாஸ் மட்டும் புதிதாக எழுதினால் போதும்.

அதை எழுதுகிறவர்களுக்கும் அவர் பாரம் வைக்கவில்லை. மாதிரிப் பயாஸ் ஒன்றையும் கூடவே கொடுத்தார். எந்திரத்தில் நினைவகம் எத்தனை கிலோபைட் என்பதை அதன் தொடக்கத்தில் ஒரே ஒரு வரியில் எழுதினால் போதும். பயாஸுக்கு வேண்டிய மற்ற முகவரிகள் அந்த எண்ணிலிருந்து தாமே கணக்காகிவிடும். சி.பி/எம்மின் இரண்டாம் பதிப்பில், தகட்டில் எத்தனை தடங்கள், தடத்துக்கு எத்தனை பிரிவுகள் என்பவையும் அட்டவணையாக ஓரிடத்தில் அமைந்தன. எட்டு அங்குலத் தகட்டுக்கு 77 தடங்கள், தடத்துக்கு 26 பிரிவுகள். வேறு தகடு வந்தால் அட்டவணையை மாற்றலாம். புரோகிராமை மாற்ற வேண்டாம்.

இதனால் நூற்றுக்கணக்கான வகைக் கம்ப்யூட்டர்களில் சி.பி/எம் ஓடியது. ஓர் எந்திரத்துக்காக எழுதிய கணக்குப் புரோகிராமும் கடிதப் புரோகிராமும் மற்றோர் எந்திரத்திலும் ஓடின.

கை நழுவிய வாய்ப்பு

1980-ம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனியின் பிரதிநிதிகள் பசிபிக் குரோவுக்கு வந்தார்கள். அன்று காலை கில்டால் தம் சொந்த விமானத்தில் தொழில் விஷயமாக வெளியூர் சென்றிருந்தார். ரகசிய ஒப்பந்தம் ஒன்றில் உடனே கையெழுத்திட டோரதியும் வழக்கறிஞரும் தயங்கினார்கள். பேச்சு நீண்டது, பேரம் படியவில்லை. ஐ.பி.எம். மைக்ரோசாப்ட் கம்பெனியை நாடியது. வேடிக்கைக்காக விமானம் ஓட்டப் போய் வாய்ப்பை இழந்தார் என்ற கட்டுக்கதை கில்டாலைக் கடைசிவரை துரத்தியது.

பின்னர் சி.பி/எம்மையும் ஐ.பி.எம். விற்பனைக்கு வைத்தது. ஆனால் அதன் விலை 240 டாலர்; மைக்ரோசாப்ட் கொடுத்ததன் விலை 40 டாலர். மக்கள் எதை வாங்கினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

கில்டால் சோர்ந்து உட்காரவில்லை. கலைக்களஞ்சியத்தைக் குறுந்தகட்டில் அடக்கும் முயற்சியில் முன்னோடியாக இருந்தார். டெலிவிஷனில் கம்ப்யூட்டரைப் பற்றிய நிகழ்ச்சியைச் சில ஆண்டுகள் இணைந்து நடத்தினார். 1991-ல் அவர் கம்பெனியை நாவெல் கம்பெனி வாங்கிக்கொண்டது. 1994-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் மான்டெரேயில் அவர் தலையில் அடிபட்டது. மூன்று நாள் கழித்து, 11-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

அழியாத முறை

இன்று தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இணைய இணைப்புக் கருவிக்கும் புரோகிராம் எழுதுகிறவர்கள் கில்டால் காட்டிய பாதையில்தான் நடக்கிறார்கள். பெரிய கம்ப்யூட்டரில் தொகுத்துச் சிறிய சில்லில் ஏற்றுகிறார்கள். எந்தச் சில்லு, எந்தக் கம்பைலர், எவ்வளவு நினைவகம் என்ற விவரங்களைத் தனிக் கோப்புகளில், பலகைக்கு ஒன்றாக, ஒழுங்காக வைக்கிறார்கள். அந்த விவரங்களைப் புரோகிராமுக்குள் அங்கும் இங்கும் சிதறவிட்டவர்கள், புதிய பலகை வரும்போதெல்லாம் கில்டால் பட்ட பழைய பாட்டையே படுகிறார்கள்.

2014-ம் ஆண்டு, பசிபிக் குரோவில் அவர் கம்பெனி இருந்த கட்டடத்தின் முன்னே மின்பொறியாளர் சங்கத்தார் நினைவுப் பலகை பதித்தார்கள். செல்வம் வேறிடம் சென்றது. மாறுவதையும் மாறாததையும் பிரித்து வைக்கும் பாடம் மட்டும் கில்டாலின் சொத்தாக நிலைத்துவிட்டது.