திறந்து பார்த்த மேதை ஜி. டி. நாயுடு

நம் கோவை மாநகரின் அவிநாசி சாலை மீது கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை நீண்டு கிடக்கும் மேம்பாலம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்திற்கு ஜி. டி. நாயுடு அவர்களின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் நம்மில் எத்தனை பேர் அப்பெரியாரின் வரலாற்றை அறிவோம்? அறிந்தவர் சிலரே. எனவே அவரது வாழ்வை, சிறப்பாக மோட்டார் வண்டிகளோடு அவருக்கிருந்த உறவை, இக்கட்டுரையில் காண்போம்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர். கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் உழவர் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப்படிப்பில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. தொடக்க வகுப்புகளோடு கல்வி நின்றது. ஆயினும் அறிவுப் பசி நிற்கவில்லை. கண்ணில் பட்ட பொருள் ஒவ்வொன்றும் எப்படி இயங்குகிறது என்று அறியத் துடிக்கும் உள்ளம் அவருக்கு இருந்தது.

ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறது! அந்தக் காட்சி இளைஞர் துரைசாமியின் உள்ளத்தைக் கவர்ந்தது. அத்தகைய வண்டி ஒன்றைத் தாமும் வாங்க வேண்டும் என்று உறுதி கொண்டார். கோவைக்கு வந்து உணவு விடுதி ஒன்றில் பணியாளாகச் சேர்ந்தார். உண்போருக்குப் பரிமாறி, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கிவிட்டார்.

வாங்கியவர் என்ன செய்தார்? வேறொருவராக இருந்தால் ஊரார் காண வலம் வந்திருப்பார். இவரோ வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று பார்த்தார். பிறகு மீண்டும் பூட்டினார். ஆசிரியரும் இல்லை, புத்தகமும் இல்லை. அந்த வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு செயலின் விரிவே என்றால் மிகையாகாது.

அக்காலத்து வண்டிகளைப் பற்றி இங்கு ஒரு சொல் கூற வேண்டும். இன்று சாவியைத் திருப்பினால், அல்லது ஒரு பொத்தானை அழுத்தினால், கார் கிளம்பிவிடுகிறது. அந்நாளில் அப்படியன்று. வண்டியின் முன்புறத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி, முழு வலிமையோடு சுற்ற வேண்டும். என்ஜின் திடீரென எதிர்ப்புறமாக உதைத்தால் கைப்பிடி திரும்பியடித்து மணிக்கட்டை முறித்துவிடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியாளர் மின்சார ஸ்டார்ட்டரை 1911ஆம் ஆண்டில் செய்து காட்டினார். அடுத்த ஆண்டு காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. உடல் வலிமை மிக்கவர் மட்டுமே கிளப்பக்கூடிய வண்டியைப் பெண்களும் தனியே எடுத்துச் செல்ல அது வழி திறந்தது. எனினும் கைப்பிடி உடனே மறைந்துவிடவில்லை. நம் நாட்டுப் பழைய அம்பாசிடர் கார்களிலும் அது இருந்ததைப் பெரியோர் பலர் நினைவு கூர்வர்.

மீண்டும் நாயுடு அவர்களிடம் வருவோம். முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சு வாணிகத்தில் பொருள் ஈட்டிய அவர், பின்னர் பம்பாயில் அதே வாணிகத்தில் பெரும்பகுதியை இழந்தார். இழந்தவர் சோர்ந்து அமரவில்லை. கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்குக் கைகொடுத்தார். 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பேருந்து வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆயிற்று. மக்கள் அதைச் சுருக்கமாக யு.எம்.எஸ். என்று அழைத்தனர். 1933ஆம் ஆண்டளவில் அவரிடம் 280 வண்டிகள் இருந்தன.

வண்டிகள் பெருகியபோதும் அவர் தம் பழைய பழக்கத்தை விடவில்லை. விலைக்கு வாங்கிய வண்டி முடிந்த பொருள் என்று அவர் கருதவில்லை. எங்கே குறை இருக்கிறது என்று முதலில் பார்ப்பார். பிறகே தம் கருவியைச் சேர்ப்பார். ஏற்றமான சாலையில் ரேடியேட்டர் கொதித்து, தண்ணீர் ஊற்றுவதற்காகப் பேருந்து அடிக்கடி நின்றது. அதைத் தவிர்க்க ஒரு கருவி அமைத்தார். என்ஜினின் அதிர்வைச் சோதித்துப் பழுதை முன்கூட்டியே அறிய ஒரு கருவி செய்தார். பயணச்சீட்டு வழங்கவும் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். இவற்றையெல்லாம் அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். ஒவ்வொன்றும் ஒரு தேவையிலிருந்து பிறந்ததே தவிர, பிறர் வியக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்ததன்று.

இங்கு நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறலாம். தொலைவிலிருந்தே காரைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட்டர் என்னும் கருவி இப்போது வந்துள்ளது. சில கார்களில் தொழிற்சாலையிலேயே அமைத்துத் தருகின்றனர். இல்லாத கார்களுக்கு வெளியில் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் நின்ற காரில் ஏறுமுன்பே குளிர்சாதனம் ஓடத் தொடங்கிவிடும் என்பது அதன் கவர்ச்சி. பொத்தானை அழுத்தியதும் வானொலி அலை செல்கிறது. காரினுள் ஒளிந்திருக்கும் சிறு பெட்டி அதை வாங்கி, சாவி செய்யும் வேலையைத் தான் செய்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றி, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதை நிறுத்துகிறது.

நாயுடு அவர்களின் வழியில் நின்றால், விலையைக் கேட்குமுன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நம் கார் கையால் கியர் மாற்றும் காரா, தானே மாற்றும் காரா? கையால் மாற்றும் காரைக் கியரில் விட்டுச் சென்றிருந்தால், ஆளில்லாத வண்டி முன்னே பாய்ந்துவிடும். ஆகவே கியர் விடுபட்டிருக்கிறதா என்று உறுதி செய்யாமல் கிளப்பாத கருவியே வேண்டும். பானெட் திறந்திருந்தால் கிளம்பாமல் தடுக்கும் சுவிட்ச் உண்டா? இல்லையேல் உள்ளே கைவைத்திருக்கும் மெக்கானிக்கின் விரல்கள் என்னாவது? சாவியிலுள்ள திருட்டுத் தடுப்புச் சில்லை அக்கருவி எவ்வாறு கையாள்கிறது? காவலையே தளர்த்திவிட்டால் திருடனுக்கும் அது வசதியாகிவிடும் அன்றோ? கம்பிகளை வெறுமனே முறுக்கி நாடா சுற்றுகிறார்களா, ஃபியூஸ் வைத்துச் செம்மையாக இணைக்கிறார்களா? காரின் உத்தரவாதம் இதனால் கெடுமா? மூடிய கொட்டகையில் காரை ஒருபோதும் இவ்வாறு கிளப்பலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உயிரைப் பறிக்க வல்லது. இக்கேள்விகளுக்கு விடை கூறத் தெரிந்தவரிடமே வேலையை ஒப்படைக்க வேண்டும். விடை கிடைக்காவிட்டால் அக்கருவி இல்லாமலிருப்பதே மேல்.

மோட்டார் வண்டியோடு அவர் அறிவு நின்றுவிடவில்லை. உலர் மின்கலத்தில் இயங்கும் சவரக் கருவியைச் செய்தார். ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி எனப் பலவற்றை ஆக்கினார். டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து 1937ஆம் ஆண்டில் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினார். மோட்டார், பம்பு உற்பத்தியில் கோவை இன்று பெற்றுள்ள பெரும்புகழுக்கு அது ஒரு தொடக்கம். 1952ஆம் ஆண்டில் இருவர் அமரும் சிறிய கார் ஒன்றை 2000 ரூபாய்க்குத் தர முன்வந்தார். ஆனால் அதை உற்பத்தி செய்ய அரசின் அனுமதி கிடைக்கவில்லை. நடுத்தர மக்களின் வீட்டு வாயிலில் நின்றிருக்க வேண்டிய கார், கனவாகவே நின்றுபோயிற்று.

கல்வியிலும் அவர் இதே கொள்கையைக் கடைப்பிடித்தார். கையால் செய்து பார்க்காத படிப்பு அரைப் படிப்பே என்பது அவர் கருத்து. 1945ஆம் ஆண்டில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் அவர்களின் பெயரை அது தாங்கியது. அவிநாசி சாலையில் நாம் இன்றும் ஹோப் காலேஜ் என்று சொல்லிப் பயணச்சீட்டு வாங்கும் நிறுத்தத்திற்குப் பெயர் வந்தது அதனால்தான். அக்கல்லூரியின் வழிவந்ததே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. தொடக்கப் பள்ளியையே தாண்டாதவர் பொறியாளர்களை உருவாக்கும் கல்லூரிக்கு வித்திட்டார் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் சிலிர்க்கிறது.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவிநாசி சாலையிலுள்ள அவரது தொழிற்காட்சிக் கூடத்தில் அவருடைய கருவிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அதே சாலையில் 2015ஆம் ஆண்டில் கார் அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. பெற்றோர்கள் விடுமுறை நாளில் தம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வார்களாக. பெண்பிள்ளைகளையும் அழைத்துச் செல்வார்களாக!

தோழியரே! விவிலியத்தில் வரும் தாலந்து உவமையை நாமெல்லாரும் மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். கிடைத்த தாலந்தை மண்ணில் புதைத்தவன் தலைவனின் சினத்துக்கு ஆளானான். இயந்திரம் என்றால் அது ஆண்களின் வேலை என்று ஒதுங்கி நிற்பதும் தாலந்தைப் புதைப்பது போன்றதே. வீட்டு மிக்சி நின்றுபோனால் ஏன் நின்றது என்று கேட்போம். தந்தையார் காரின் பானெட்டைத் திறக்கும்போது அருகே நின்று பார்ப்போம். எதையும் வாங்குமுன் அது எவ்வாறு இயங்குகிறது என்று அறிவோம். ஆக்கியவரின் அறிவை வியப்பதோடு நில்லாமல், இறைவன் நமக்கும் அளித்துள்ள அறிவைப் பயன்படுத்துவோம். கலங்கலில் பிறந்த அம்மேதைக்கு நாம் செலுத்தும் சிறந்த அஞ்சலி அதுவே.

வளர்க அவர் புகழ்!