சூட்டுக்கு எண் தந்த பரன்ஹைட்

சென்ற வருடம் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டிலிருந்த பழைய இரச வெப்பமானி உடைந்துபோயிருந்ததால், வாப்பா டவுனிலிருந்து டிஜிட்டல் ஒன்று வாங்கி வந்தார். அது 39.5 என்று காட்டியது. உம்மாவுக்குத் தெரிந்த காய்ச்சல் 100, 101, 102 தான். நூறுகூட இல்லையே என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார். நடுஇரவில் தங்கை பிதற்றத் தொடங்கியபோதுதான் எனக்கு விஞ்ஞானப் பாடம் நினைவுக்கு வந்தது. கணக்குப் போட்டேன், 103! ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டெங்கு என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தேறிவிட்டாள்.

அந்த 103 யார் வகுத்த கணக்கு என்று தேடியபோதுதான் டானியல் கேப்ரியல் பரன்ஹைட்டின் கதையை வாசித்தேன்.

அவர் 1686ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி, இன்று போலந்தில் இருக்கும் டான்சிக் துறைமுக நகரில் ஒரு வணிகர் வீட்டில் பிறந்தார். அவருக்குப் பதினைந்து வயதானபோது நச்சுக் காளான் சாப்பிட்டுத் தாயும் தந்தையும் ஒரே நாளில் இறந்தார்கள். மழை விட்டதும் இரப்பர் மரத்தடியில் காளான் தேடும் எங்கள் இறக்வானைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் புரியும்.

பாதுகாவலர்கள் அவரை வியாபாரம் பழக அம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். அவர் மனமோ கண்ணாடிக் குழாய்களிலும் கருவிகளிலும் இருந்தது. வியாபாரத்தை விட்டுவிட்டு ஊர் ஊராக அலைந்தார். 1707இல் அவரைப் பிடித்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் ஏற்றிவிடப் பிடியாணைகூடப் பிறந்தது. அக்காலத்தில் நமது நாட்டின் கரையோரம் அந்தக் கம்பனியின் கையில்தான் இருந்தது. அகப்பட்டிருந்தால் அவர் காலியிலோ கொழும்பிலோ வந்து இறங்கியிருக்கவும் கூடும்.

1708இல் கோப்பன்ஹேகனில் ஓலே ரோமர் என்ற வானியலாளரைச் சந்தித்தார். ரோமர் சூட்டை அளந்த விதத்தைப் பார்த்து அதைத் திருத்த முனைந்தார். அந்நாளில் இரண்டு வெப்பமானிகளை ஒரே அறையில் வைத்தாலும் இரண்டும் வேறு வேறு அளவு சொல்லும். 1714இல் பரன்ஹைட் செய்து கொடுத்த இரண்டு கருவிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதைக் கண்டு ஜேர்மனியப் பேராசிரியர் கிறிஸ்டியன் வொல்ஃப் வியந்தார். பிறகு மதுசாரத்துக்குப் பதிலாக இரசத்தைப் பயன்படுத்தினார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் மூன்றும் கலந்த குளிருக்கு 0, பனிக்கட்டி கலந்த நீருக்கு 32, மனித உடலுக்கு 96 என்று குறித்தார். 1724இல் லண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. ஆனாலும் கையில் காசு தங்கவில்லை. 1736 செப்டெம்பர் 16ஆம் திகதி, ஐம்பது வயதில், ஹேக் நகரில் மறைந்தார். ஏழை ஒருவருக்குரிய எளிய அடக்கமே அவருக்குக் கிடைத்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1742இல், சுவீடனின் அண்டர்ஸ் செல்சியஸ் நூறு பாகை அளவைத் தந்தார். அவர் வைத்தது தலைகீழாக: கொதிநீருக்கு 0, உறைநிலைக்கு 100. சில ஆண்டுகளில் மற்றவர்கள் அதைத் திருப்பி வைத்தார்கள்.

வெயிலைச் சொல்ல எது நல்லது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. 0 கடும் குளிர், 100 கடும் சூடு. மனிதர் உணர்வதற்கு இதுவே பொருத்தம் என்பார்கள் அமெரிக்கர்கள். பனி விழும் நாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் இரத்தினபுரியில் பெரும்பாலான நாட்கள் 22க்கும் 33க்கும் இடையில்தான் கழிகின்றன. பரன்ஹைட்டில் சொன்னால் 72க்கும் 91க்கும் இடையில். இங்கே 0உம் தேவையில்லை, 100உம் தேவையில்லை. வானொலி செல்சியஸில் சொல்வதே எங்களுக்குப் பழகிவிட்டது.

ஆனால் பழையது முழுதாகப் போகவுமில்லை. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையருக்குள் போகும் காற்றின் சூட்டை டீமேக்கர் இன்றும் 200 என்றுதான் சொல்கிறார். காய்ச்சலுக்கும் பரன்ஹைட்தான். ஒரே நாளில் மூன்று இடத்தில் இரண்டு கணக்கு! படித்த நானே தடுமாறினேன் என்றால் உம்மாவைக் குறை சொல்ல முடியுமா?

கடையில் நிறுக்கும்போது தராசு முள் நடுவில் நிற்கும்வரை வாப்பா பொறுத்திருப்பார். அளவில் மோசம் செய்யக்கூடாது என்பது மார்க்கம். யார் கையில் இருந்தாலும் கருவி ஒன்றையே சொல்ல வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் உழைத்த பரன்ஹைட்டும் அதே நேர்மையைத்தான் தேடினார் என்று எனக்குப் படுகிறது. எந்த அளவு உயர்ந்தது என்று சண்டை பிடிப்பதைவிட, எந்த அளவில் பேசுகிறோம் என்று சொல்வதே முக்கியம்.

இப்போது எங்கள் மருந்துப் பெட்டி மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: 37 என்றால் 98.6; 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. தோழியரே, உங்கள் வீட்டு வெப்பமானியில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உம்மாவுக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள்.