கருவி தெரிந்தவர் குறி தெரிந்த கதை

கண்டி மாநகரிலிருந்து தெற்கே மலைவழி ஏறுவோர் றம்பொடைக் கணவாயைக் கடந்து, கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமாக உயர்ந்த நுவரெலியாவை அடைவர். இன்று தேயிலைப் பசுமை போர்த்திருக்கும் அம்மலைநாட்டுக்கு, 1848ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட குடியேற்றக் கூட்டமொன்று ஏரும் விதையும் ஆடுமாடுகளும் வேட்டைநாய்களும் கொண்டு வந்து சேர்ந்தது. அதன் தலைவர் சாமுவேல் வைற் பேக்கர். ஈழத்தார் அவரை யானை வேட்டைக்காரரென அறிவர். உலகம் அவரை ஆபிரிக்க ஆராய்ச்சியாளரென அறியும். அவ்விரு வாழ்வையும் ஒருங்கே நோக்குவார்க்குப் பெரியதொரு பாடம் உண்டு.

பேக்கர் 1821 யூன் 8ஆம் நாள் இலண்டனில் செல்வ வணிகர் குடியிற் பிறந்தார். இருபது வயது நிரம்புமுன்னரே, 1840இல், பிரிஸ்ரல் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் கிப்ஸ் என்பாரிடம் தாமே அளவு வகுத்துக் கொடுத்து ஒரு றைபிள் செய்வித்தார். அக்கால றைபிள்களின் குழலுள் வெட்டிய வரிகள் குறுகிய தூரத்திலேயே முறுகிச் சுழன்றன. மருந்தை மிகுத்து இட்டால் ஈயக்குண்டு வரியைப் பற்றாது வழுக்கிப் பாயும். மருந்தைக் குறைத்தாலோ குண்டு விரைவிழந்து வில்லென வளைந்து விழும். தூரத்தை அளப்பதிற் சிறிது பிழைத்தாலும் குறி தவறும்.

இச்சிக்கலைப் பேக்கர் வேரிற் பிடித்தார். 36 அங்குலக் குழலில் இரண்டே வரிகள். அவ்வரிகளும் குழலின் முழு நீளத்தில் ஒரேயொரு சுற்றே சுற்ற வேண்டும் என்றார். குண்டின் இடையிலும் வரிக்கிசைந்த பட்டி அமைத்தார். அதனாற் குண்டு வரியைப் பற்றிச் சுழன்றது. ஓர் அவுன்ஸ் வெடிமருந்தையும் தாங்கிற்று. பின்னுதைப்பைத் தணிக்கத் துப்பாக்கியின் நிறையே 21 இறாத்தலாயிற்று. ஐம்பது ஆண்டு கழித்து, 1890இல் வெளியிட்ட நூலிலும் அதன் அளவுகளை மறவாது எழுதினார்.

இன்று தொலைக்குறி பயில்வோர் துப்பாக்கிமீது தொலைநோக்கி பொருத்துகின்றனர். எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பதே பலரது முதல் வினா. பெருக்கம் மிகுந்தாற் காட்சிப் பரப்புச் சுருங்கும். கைநடுக்கமும் வெயிற்கானலும் உடன்பெருகித் தோன்றும். பேக்கரோ முன்குறியையும் பின்குறியையும் வெறுங்கண்ணால் ஒன்றுபடுத்தியே எய்தவர். ஆயினும் அவர் முறை நமக்கும் பொருந்தும். முதலில் இடத்தை ஆராய்ந்தார்; பின்னரே கருவியைத் தெரிந்தார். நுவரெலியாவின் அடர்காட்டில் மரை வேட்டைக்குத் துப்பாக்கி உதவாதென்று கண்டு நாய்களையும் கத்தியையும் நம்பினார். யானையைச் சில பாக தூரத்தில் எதிர்ப்பட்டபோது, நீண்ட குறியினும் விரைந்த கையே வேண்டியிருந்தது. மின்னேரியாக் குளத்தையடுத்த வெளிகளிலேதான் நெடுந்தூரம் எறியும் றைபிள் தன் மாண்பைக் காட்டிற்று. வாய்வழி மருந்திடும் அத்துப்பாக்கிகளை மீளவும் நிரப்பப் பொழுது செல்லும்; ஆகையால், நிரப்பிய துப்பாக்கியோடு அஞ்சாது பின்னின்ற உள்ளூர் ஏவலாளனே அவருக்கு வாய்த்த துணைக்கருவிகளுள் தலையாயது.

கருவியைத் தெரிந்த திறம் போற்றற்குரியது. குறியைத் தெரிந்த திறம் யாது? ஈழத்திற் கழித்த ஆண்டுகளில் அவர் வீழ்த்திய யானைகளும் எருமைகளும் பல. பிழையாத குறி காட்டுயிர்க்குப் பெருந்துயராய் முடிந்தது. எங்ஙனம் எய்வது என்பதை நுணுகி ஆராய்ந்த அறிவு, எதனை எய்வது என்பதை அந்நாளில் அவ்வளவு ஆராயவில்லை.

1855இல் ஈழத்தை நீங்கினார். அவ்வாண்டே மனைவியை இழந்தார். 1859இல் டான்யூப் நதிக்கரை விடின் நகரத்து அடிமைச் சந்தையிலிருந்து மீட்கப்பெற்ற புளோரன்ஸ் அவர் வாழ்வில் துணையானார். இருவரும் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று, 1864 மார்ச் 14ஆம் நாள் அல்பேர்ட் ஏரியைக் கண்டனர். 1869இல் எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயில், அடிமை வாணிகத்தை ஒடுக்குமாறு அவரை மேல் நைல் நாட்டுக்கு ஆளுநராக்கி அனுப்பினார். எகிப்தின் ஆட்சியை விரிக்கும் நோக்கமும் அப்பணியிற் கலந்திருந்தது. 1873இல் அவர் மீண்டபோது அக்கொடுமை முற்றாக ஒழியவுமில்லை. எனினும் யானையின் நெற்றியை நோக்கிய கண், மனிதன் காலில் பூட்டிய விலங்கை நோக்கியது. அம்மாற்றமே அவர் வாழ்வின் உயர்வு.

பேக்கர் 1893 திசெம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்தில் மறைந்தார். ஹோட்டன் சமவெளியில் அவர் பெயர் தாங்கிய அருவி இன்றும் வீழ்கின்றது. நல்ல கருவியைத் தெரிய அவருக்குப் பத்தொன்பது ஆண்டு போதியதாயிற்று. நல்ல குறியைத் தெரிய அரை வாழ்நாள் வேண்டியதாயிற்று. நம் மாணவர்க்கு நாள்தோறும் புதிய கருவிகளைக் கையளிக்கும் ஆசிரியராகிய நாம், குறியைக் கற்பிக்க அத்துணைக் காலம் தாழ்த்தலாகாது.