காலரா விஷத்தைக் கண்டுபிடித்த கல்கத்தா டாக்டர்

வாந்திபேதி என்ற பேச்சு வந்தாலே ஊர் நடுங்கிய காலம் உண்டு. காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் பிணமாவார். சங்கரன்கோவில் ஆடித் தபசு போன்ற பெரிய திருவிழாக்களில் கூட்டம் சேரும்போது, காலரா வந்துவிடுமோ என்று பயப்படுவார்கள்.

அந்தக் காலரா ஆளைக் கொல்வது எப்படி? இதற்கு விடை கண்டவர் ஓர் இந்தியர். அவர்தான் டாக்டர் சம்புநாத் தே.

ஏழைப் பையன்

சம்புநாத் 1915-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லாவில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் சிறு வியாபாரி. வீட்டில் வசதி இல்லை. ஆனால், பையன் படிப்பில் கெட்டி. உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டர் ஆனார். பிறகு லண்டனுக்குப் போய் ஆராய்ச்சி செய்தார். 1949-ல் பட்டம் பெற்றுக் கல்கத்தாவுக்கே திரும்பினார்.

75 ஆண்டுப் புதிர்

ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ராபர்ட் கோக், 1884-ல் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்துக் காட்டினார். இந்தக் கிருமி ஒரு விஷத்தைக் கக்குகிறது என்று அவர் கருதினார். ஆனால், அந்த விஷத்தை 75 ஆண்டுகளாக யாராலும் காட்ட முடியவில்லை.

ஏன் தெரியுமா? பலர் கிருமியைப் பிராணிகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தார்கள். தே வேறு விதமாக யோசித்தார். காலரா குடலில் வரும் நோய். ஆகவே, குடலில்தான் தேட வேண்டும் என்று முடிவு செய்தார்.

முயலின் குடல்

அவரிடம் பெரிய கருவிகள் இல்லை. ஒரு முயலின் சிறுகுடலில் சிறு பகுதியை இரு பக்கமும் நூலால் கட்டினார். அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். குடலில் நீர் கோத்து, அந்தப் பகுதி வீங்கியது. இது 1953-ல்.

அடுத்த சோதனைதான் முக்கியம். கிருமியைத் திரவத்தில் வளர்த்தார். அதை வடிகட்டி, கிருமிகளை நீக்கினார். தெளிந்த திரவத்தை மட்டும் குடலில் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது!

கிருமி இல்லை, ஆனால், அது கக்கிய விஷம் இருந்தது. உடம்பின் நீரைக் குடலில் கொட்டச் செய்வது அந்த விஷமே. 1959-ல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் இதை வெளியிட்டார்.

விஷமே மருந்தானது

அந்த விஷம் ஒரு புரதம் என்று பின்னர் தெரிந்தது. அதற்கு இரு பகுதிகள். ஒன்று குடலில் ஒட்டிக்கொள்ளும். மற்றொன்று உள்ளே புகுந்து கெடுதல் செய்யும். ஒட்டும் பகுதி மட்டும் தனியே இருந்தால் நோய் வராது. ஆனால், அதைக் கண்டதும் உடம்பு எதிரியை அடையாளம் கண்டு, எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். கொல்லப்பட்ட கிருமிகளோடு அந்தப் பகுதியைச் சேர்த்து, குடிக்கும் தடுப்பு மருந்து ஒன்று ஸ்வீடனில் தயாரானது.

கிருமிகளின் புரதங்களில் எது உடம்பின் காவலைத் தட்டி எழுப்பும் என்று இன்று ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றன. அந்த வேலைக்கு, தே காட்டிய விஷம் ஒரு சிறந்த பாடம்.

தாமதமாக வந்த புகழ்

தே உயிரோடு இருந்தவரை, இந்தியாவில் பெரிய விருது எதுவும் கிடைக்கவில்லை. 1973-ல் ஓய்வு பெற்றார். 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு ஸ்வீடன் அழைத்தது. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பர்க், தேயின் பெயரை அந்தப் பரிசுக்குச் சிபாரிசு செய்தார். பரிசு வரவில்லை.

1985-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி அவர் காலமானார். 1990-ல் 'கரண்ட் சயன்ஸ்' என்ற இந்திய விஞ்ஞானப் பத்திரிகை, அவருக்காகவே தனி இதழ் வெளியிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.