கங்கையைக் காவிரிக்கு அழைத்த முனைவர்

ஆந்திர மாநிலம் கிருஷ்ணா மாவட்டத்தில், விசயவாடாவை அடுத்த கங்கிபாடு என்னும் ஊரில் 1902-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தவர் கானூரி லட்சுமண ராவ். டாக்டர் கே.எல்.ராவ் என்று சொன்னால் நம் பெரியோர்களுக்கு உடனே நினைவு வரும். கங்கையையும் காவிரியையும் இணைக்கலாம் என்று 1972-இல் ஒரு திட்டத்தை நாட்டின் முன் வைத்தவர் அவர். அந்த நாளில் தேநீர்க் கடைகளில்கூட அத்திட்டம் பேசப்பட்டது. இன்றைய மாணாக்கர் பலருக்கு அப்பெயர் புதிதாக இருக்கலாம்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஒரு பொறியாளரின் வாழ்வு எதற்கு என்று கேட்போர் உண்டு. நம் கல்லூரிக்குக் குளத்தூர் வட்டத்துச் சிற்றூர்களிலிருந்து மாணவர்கள் வருகின்றனர். அவர்தம் உடன்பிறந்தோர் பலர் பொறியியல் கல்லூரிகளில் பயில்கின்றனர். சிலர் பொறியியலில் முனைவர் பட்டம் பெறும் அவாவையும் நம்மிடம் வெளியிட்டதுண்டு. அப்பட்டத்தை நம் நாட்டவர் வெகு சிலரே பெற்றிருந்த காலத்தில் பெற்றவர் ராவ். பெற்றபின் அந்தக் கல்வியைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்வது தகும் என எண்ணினோம். குளத்தூரோ பெயரிலேயே குளத்தைச் சுமந்து நிற்கும் ஊர். நீரைப் பற்றி அங்கே கதை சொன்னால் கேட்க ஆளிருக்கும்.

ராவின் இளமை எளிதாக அமையவில்லை. ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பள்ளியில் விளையாடும்போது நேர்ந்த காயத்தால் ஒரு கண்ணின் பார்வையும் போயிற்று. எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டுதான் அவர் பின்னாளில் அணைகளின் வரைபடங்களைப் பார்த்தார் என்பதை நினைக்கையில் நமக்கு வியப்பே மிகுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு முடித்துக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய அக்கல்லூரி 1920-இல்தான் கிண்டிக்கு இடம்பெயர்ந்திருந்தது. அங்கே இளநிலைப் பட்டம் பெற்றபின், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அப்பட்டம் பெற்ற முதல் மாணவர் அவரே என்பர். தெலுங்கு மண்ணில் பிறந்தவரேயாயினும் அவருடைய கல்வி தமிழ் மண்ணில் வேரூன்றியது.

ரங்கூனில் பேராசிரியராகவும் சில காலம் பணியாற்றினார். நம் பகுதியிலிருந்து பர்மாவுக்கு வணிகம் செய்யப் போன குடும்பங்கள் பலவுண்டு. அவர்கள் கப்பலேறிய நாட்களில் இவரும் அங்கே கரும்பலகையின் முன் நின்றிருந்தார் போலும். பின்னர் இங்கிலாந்து சென்று, 1939-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிரிட்டனிலேயே அப்பட்டம் முதல் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில்தான் அறிமுகமாகியிருந்தது. பட்டத்துக்கு வயது இருபதுதான்; பெற்றவருக்கோ முப்பத்தேழு.

ராவின் துறை கட்டமைப்புப் பொறியியல். வலுவூட்டிய கான்கிரீட்டைப் பற்றி நூலும் எழுதியவர். இத்துறையில் ஆய்வு என்றால் என்ன என்பதை நம் மாணாக்கர் அறிந்துகொள்வது நல்லது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஒரு விட்டத்தின்மேல் பளுவை ஏற்றினால் அதன் மேற்பகுதி அழுந்தும், கீழ்ப்பகுதி இழுபடும். ஆகவேதான் கீழ்ப்பகுதியில் இரும்புக் கம்பியைப் பதிக்கிறோம். எத்தனை கம்பி, எவ்வளவு தடிப்பு, எந்த இடத்தில் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். கணக்கிட்டபடி விட்டத்தை வார்த்து, நீர் ஊற்றிப் பதப்படுத்தி, நாட்கள் கழித்துப் பளுவை ஏற்ற வேண்டும். விரிசல் எங்கே தொடங்குகிறது, எவ்வளவில் முறிகிறது என்று குறித்துக்கொண்டு, தன் கணக்கோடு ஒப்பிட வேண்டும். தமிழாய்வில் நம் கருத்தை மறுக்க இன்னொரு புலவர் வர வேண்டும். பொறியியல் ஆய்வில் விட்டமே மறுத்துவிடும். அது நெறியாளரின் முகத்தையும் பார்ப்பதில்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்தோடு அமைந்துவிட்ட நமக்கு (2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளால் அப்பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது என்பது வேறு கதை) இந்த வேறுபாடு பல நாள் சிந்தனைக்கு இடம் தந்திருக்கிறது.

பட்டம் பெற்றபின் இங்கிலாந்திலேயே ஆசிரியப் பணி ஆற்றிய ராவ், தாயகம் திரும்பிச் சென்னை அரசில் வடிவமைப்புப் பொறியாளரானார். 1950-இல் புதுதில்லி சென்று வடிவமைப்பு இயக்குநராகவும், 1954-இல் மத்திய நீர், மின் ஆணையத்தின் தலைமைப் பொறியாளராகவும் உயர்ந்தார். விடுதலை பெற்ற நாடு அணைகளைக் கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. படித்த படிப்புக்கும் நாட்டின் தேவைக்கும் அத்தகைய பொருத்தம் எல்லாத் தலைமுறைக்கும் வாய்ப்பதில்லை.

அவர் பெயரோடு பிரிக்கவொண்ணாதது கிருஷ்ணை ஆற்றின்மேல் எழுந்த நாகார்ச்சுன சாகர். 1955 திசம்பர் 10-ஆம் நாள் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 124 மீட்டர் உயரமுள்ள அணை. நீரின் அழுத்தம் ஆழத்தோடு ஏறிக்கொண்டே போகும். நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் நூறு டன் எடை அழுத்துகிறது. அதை எதிர்த்து அணை நிற்பது தன் எடையால்தான். அடித்தளத்தில் கசியும் நீரோ அணையைக் கீழிருந்து மேலே தூக்கப் பார்க்கும். இவை யாவற்றையும் கணக்கில் கொண்டே அடியின் அகலம் வரையறுக்கப்படும்.

வடக்கே சட்லெசு ஆற்றில் பக்ரா அணை அப்போது கான்கிரீட்டால் எழுந்துகொண்டிருந்தது. அமெரிக்க நிபுணரும் வெளிநாட்டு எந்திரங்களும் அதற்குத் தேவைப்பட்டன. நாகார்ச்சுன சாகரோ கல்லால் கட்டப்பட்டது. கான்கிரீட்டில் கரைகண்டவர், வெட்டிய கல்லையும் காரையையும் தேர்ந்த பணிக்குத் தலைமை தாங்கினார்! வாழ்நாளெல்லாம் கற்றதை ஒதுக்கிவைத்தார் என்று இதைக் கொள்ளலாகாது. கான்கிரீட்டின் இயல்பை அடிவரை கற்றவருக்கே அது எங்கே தேவையில்லை என்றும் தெரியும். பேரளவில் வார்க்கும் கான்கிரீட்டில் சிமெண்டு இறுகும்போது வெப்பம் வெளிப்படும். அதைத் தணிக்காவிடில் வெடிப்பு விழும். தணிப்பதற்கும் கருவிகள் வேண்டும். கல்கட்டிலோ பருமனில் பெரும்பகுதி கல்லே ஆதலால் சிமெண்டும் குறைவு, வெப்பமும் குறைவு. அந்நியச் செலாவணி மிச்சமாகும். எந்திரம் செய்யும் வேலையைப் பல்லாயிரம் கைகள் செய்யும். அக்கைகளுக்குக் கூலியும் கிடைக்கும். 1967 ஆகஸ்டு 4-ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையார் கால்வாய்களில் நீரைத் திறந்துவிட்டார். உலகின் மிகப் பெரிய கல்கட்டு அணைகளுள் ஒன்று அது.

இந்தப் பெருமையோடு ஓர் இழப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நாகார்ச்சுனகொண்டாவின் பழம்பெரும் பௌத்த நகரம் அந்நீருக்குள் போயிற்று. 1954 முதல் 1960 வரை அகழ்ந்தெடுத்தவற்றுள் சிறந்தவற்றை ஒரு தீவாக நின்ற குன்றின்மேல் கொண்டுபோய் வைத்தனர். ஊர் பெயர்ந்த மக்களை அவ்வாறு எடுத்து வைக்க இயலவில்லை.

ஆணையத்திலிருந்து விலகிய ராவ் அரசியலுக்கு வந்தார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் விசயவாடாத் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். பின்னாளில் எழுதிய தன்வரலாற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘கியூசெக்ஸ் வேட்பாளர்’. விநாடிக்கு இத்தனை கன அடி நீர் என்று எண்ணிலேயே பேசும் மனிதரை மக்கள் மும்முறை தேர்ந்தெடுத்தார்கள் என்பது வாக்காளரைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறது. ஹாஃபிஸ் முஹம்மது இப்ராஹீம் அவர்கள் பல ஆண்டுகள் பொறுப்பு வகித்த நீர்ப்பாசன, மின்துறை அமைச்சகத்தில் 1963 சூலையில் ராவ் அமைச்சரானார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 1924-ஆம் ஆண்டுக் காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டு நெருங்கிவந்த வேளையில், 1972-இல் காவிரி உண்மை அறியும் குழு அமைக்கப்பட்டதும் அவர் அமைச்சராயிருந்த காலத்திலேதான்.

அதே 1972-இல்தான் கங்கை–காவிரித் திட்டம் வெளிவந்தது. பாட்னா அருகே கங்கையின் வெள்ள நீரில் விநாடிக்கு 60,000 கன அடியை ஆண்டில் 150 நாட்கள் எடுப்பது. அதில் 10,000 கன அடியைக் கங்கைச் சமவெளிக்கே விட்டு, 50,000 கன அடியைத் தெற்கே அனுப்புவது. சோன், நருமதை, தபதி, கோதாவரி, கிருஷ்ணை, பெண்ணை ஆற்றுப் படுகைகளைக் கடந்து 2,640 கிலோமீட்டர் நீளும் அப்பாதை, கல்லணைக்கு மேற்புறத்தில் காவிரியில் கலக்கும். நாற்பது இலட்சம் எக்டேர் நிலம் புதிதாகப் பாசனம் பெறும் என்று கணக்கிட்டார். செலவு 12,500 கோடி உரூபாய் என்றும் மதிப்பிட்டார்.

குளத்தூரிலிருந்து இதைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. குளத்தூர் வட்டாரத்தில் தோன்றும் அக்கினியாறும் மழைக்குப் பின் சில நாள் ஓடும், பிறகு மணலாகும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் இம்மாவட்டத்தைக் காத்துவந்தன. வரத்துவாரி, மடை, குமிழித் தூம்பு, கலிங்கு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரிட்டு முன்னோர் கட்டிய பொறியியல் அது. பட்டமளிப்பு விழா மட்டும் அவர்களுக்கு நடந்ததில்லை. காவிரி வடக்கே தாழ்வில் ஓடுகிறது; குளத்தூர் மேட்டில் இருக்கிறது. கங்கையே கல்லணைக்கு வந்திருந்தாலும், மேட்டுக்கு ஏற இன்னொரு வழி தேட வேண்டியிருந்திருக்கும்.

மேடுதான் அத்திட்டத்தையே வீழ்த்தியது. கங்கைச் சமவெளி தாழ்ந்தது, நடுவே விந்தியமும் தக்காணமும் உயர்ந்தவை. நீரை 549 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும். 50,000 கன அடி என்பது ஏறத்தாழ 1,400 கன மீட்டர். எடையில் 1,400 டன். ஒவ்வொரு விநாடியும் 1,400 டன்னை ஐந்நூறு மீட்டருக்கு மேல் தூக்குவதென்றால் 50 முதல் 70 இலட்சம் கிலோவாட் மின்சாரம் வேண்டும் என்று மத்திய நீர் ஆணையம் கண்டது. செலவு மதிப்பீடும் மிகக் குறைவானது, வெள்ளத் தடுப்பாலும் பயன் இல்லை என்று முடிவுகூறித் திட்டத்தைத் தள்ளிவிட்டது. எந்த அலுவலகத்தில் அவர் தலைமைப் பொறியாளராக இருந்தாரோ, அதன் வழிவந்த அலுவலகமே அவருடைய மிகப் பெரிய கருத்துரைக்குத் தேர்வாளராக அமர்ந்தது. முன்னாள் தலைவர், முன்னாள் அமைச்சர் என்ற தயவு எதுவும் அங்கே காட்டப்படவில்லை. ராவின் வாழ்வில் நம்மை மிகவும் நிறுத்தி எண்ண வைக்கும் நிகழ்ச்சி இதுவே. அவர் வளர்த்த துறை அவரையே அளந்து பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

கருத்து அதனால் மாண்டுவிடவில்லை. நாட்டின் நீர்வளம் பற்றி ராவ் 1975-இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். கங்கையை நேரே இழுப்பதை விடுத்து, அருகருகே உள்ள ஆறுகளைச் சிறு சிறு கண்ணிகளாகக் கோக்கும் தேசியத் திட்டம் 1980-இல் வகுக்கப்பட்டது; அதை ஆராய 1982-இல் தேசிய நீர் மேம்பாட்டு முகமை தோன்றியது. தெற்கே அதன் ஒரு கண்ணி, கரூர் மாவட்டத்துக் கட்டளையிலிருந்து புறப்படும் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய். கட்டளை மேற்கே உயரத்தில் இருப்பதால் நீர் தானே சரிந்து நம் மாவட்டத்துக்குள் வர இயலும். 262 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21-ஆம் நாள் அடிக்கல் நாட்டிய இடம் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்னத்தூர். அது ராவ் வரைந்த கோடு அன்று. ஆயினும் ஆற்றை ஆற்றோடு சேர்க்கலாம் என்ற பேச்சை இவ்வளவு உரக்க எழுப்பியவர் அவரே.

1986 மே 18-ஆம் நாள் ராவ் மறைந்தார். கிருஷ்ணை ஆற்றில் நாகார்ச்சுன சாகருக்குக் கீழே புலிச்சிந்தலையில் கட்டி 2013-இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரையே சூட்டியுள்ளனர். அந்நீர்த்தேக்கம் காப்பது கிருஷ்ணைக் கழிமுகத்து வயல்களை. தந்தையை இழந்த சிறுவனாக அவர் வளர்ந்த கங்கிபாடும் அக்கழிமுகத்தில்தான் இருக்கிறது.